ரீமேப் போட யாரிடம் போவது? – கேள்வி பதில்

கோவையில் டர்போ வண்டிகளோடு மல்லுக்கட்ட ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. இன்ஜினை ஆளுகிற கம்ப்யூட்டரின் (ஈசியு) மென்பொருளைத் திருத்திச் சக்தியைக் கூட்டுவதுதான் ரீமேப். "வண்டிக்கு ரீமேப் போடலாமா, யாரிடம் போடலாம்" என்று வந்து சேர்ந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைப் பெயர் மட்டும் கேட்காதீர்கள். நல்ல கடை என்று நான் சொல்லி, அங்கே இருந்த நல்ல பையன் அடுத்த மாதம் விலகிவிட்டால் அந்தப் பழி எனக்கு வரும்.

திருப்பூரிலிருந்து, போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2: அண்ணா, ஒரு கடையில் 15 ஆயிரம், இன்னொரு கடையில் 40 ஆயிரம். ரெண்டு பேரும் சொல்வது ஸ்டேஜ் 1 தான். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஸ்டேஜ் 1 என்பதற்கு ஐஎஸ்ஐ முத்திரை எதுவும் கிடையாது தம்பி. பாகம் எதையும் மாற்றாமல் ஈசியுவில் இருக்கிற மென்பொருளை மட்டும் திருத்தினால் ஸ்டேஜ் 1. டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி), இன்டர்கூலர் (அந்தக் காற்றை ஆற வைப்பது) என்று மாற்றி அதற்கேற்பத் திருத்தினால் ஸ்டேஜ் 2. வழக்கில் இருக்கிற பேச்சு அவ்வளவுதான். உள்ளே எதைத் தொட்டார்கள், எவ்வளவு தொட்டார்கள் என்பது அவரவர் கைப்பக்குவம்.

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபைலை எழுதப்போவது யார்?" ஈசியுவைப் படிக்கிற கருவிகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ரெண்டு வகை உண்டு. மாஸ்டர் வைத்திருப்பவர் ஃபைலைத் தானே திறந்து திருத்தலாம். ஸ்லேவ் வைத்திருப்பவரால் முடியாது. படித்த ஃபைலைப் பூட்டு பூட்டியபடியே வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிற ஒருவருக்கு அனுப்பி, அவர் திருத்தித் தருவதை வண்டியில் ஏற்றுவார். அதில் தப்பே இல்லை. எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்து, உங்கள் வண்டியின் லாகை (ஓட்டும்போது சென்சார்கள் சொல்வதன் பதிவு) பார்த்து ரெண்டு மூணு தடவை சரிசெய்து தந்தால் அதுவும் நல்ல வேலைதான். அரை மணி நேரத்தில் வந்த ஃபைலை ஏற்றிவிட்டு, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களே, 15 ஆயிரம் பெரும்பாலும் அதற்கான விலை. ஆனால் 40 ஆயிரம் வாங்கிக்கொண்டு அதையே செய்கிறவர்களும் உண்டு. அதனால் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், பதிலை வைத்துச் செய்யுங்கள். கேள்வி கேட்டதும் முகம் மாறினால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

ஈரோட்டிலிருந்து, ஆக்டேவியா விஆர்எஸ்: முதல் தடவை போகும்போது நல்ல ட்யூனர் என்னென்ன செய்வார்? எதை வைத்து நம்புவது?

முதலில் உங்களைக் கேள்வி கேட்பார். எந்த பங்க்கில் பெட்ரோல் போடுகிறீர்கள், பிளக் மாற்றி எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயில், கிளட்ச் வழுக்குகிறதா, தினமும் ஓட்டுகிற வண்டியா என்று. அப்புறம் ஸ்கேனரைச் சொருகிப் பழைய கோளாறு குறியீடுகளைப் பார்ப்பார். அதற்கும் அப்புறம், எதையும் ஏற்றாமல், ஸ்டாக் நிலையிலேயே வண்டியை ஓட்டி லாக் எடுப்பார்.

இந்த லாகில்தான் சூட்சுமம். போன வருடம் இதே ரக வண்டி ஒன்று வந்தது. ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து ஒரே மிதியாக மிதித்து எடுத்த லாகில், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் இக்னிஷன் டைமிங் 4 டிகிரி பின்வாங்கியிருந்தது. மற்ற மூன்றிலும் அரை டிகிரி, ஒரு டிகிரிதான். நாக் சென்சார் (கலவை தாறுமாறாக வெடிக்கிற 'நாக்' சத்தத்தைக் கேட்கிற கருவி) எதையோ கேட்டுவிட்டு அந்த சிலிண்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் ஓரத்தில் மயிரிழை விரிசல். அந்த நிலையில் பூஸ்டை (டர்போ உள்ளே தள்ளுகிற காற்றின் அழுத்தம்) ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ரீமேப் போடவில்லை. நாலு பிளக்கும் மாற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னோம். வந்தவருக்குக் கோபம்தான், லீவு போட்டுவிட்டு வந்தவர்.

இன்னொன்று, ஃபைலை ஏற்றும்போது பேட்டரியைக் கவனியுங்கள். எழுதிக்கொண்டிருக்கையில் வோல்டேஜ் இறங்கினால் ஈசியு செத்துப்போகலாம். இக்னிஷன் ஆனில் இருக்கும், ரேடியேட்டர் ஃபேன் வேறு தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். சீராக 13 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிற சார்ஜர் பேட்டரியில் மாட்டியிருக்க வேண்டும். "ஐந்து நிமிட வேலை சார், தேவையில்லை" என்றால், அந்த ஐந்து நிமிடம் உங்கள் வண்டியில் வேண்டாம்.

சென்னையிலிருந்து: டைனோ ஷீட் தருகிறார்கள். 30 குதிரை கூடியிருக்கிறது என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

ஷீட்டில் எண்ணைக் கூட்டியும் காட்டலாம், குறைத்தும் காட்டலாம். டைனோ என்பது வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கிற கருவி, அது அளப்பது சக்கரத்தில் வருகிற சக்தியை. இன்ஜினில் இவ்வளவு என்று போடுவதெல்லாம் கணக்குப் போட்டு வருவது. வெயில், காற்றழுத்தம் எல்லாவற்றுக்கும் ஒரு திருத்தக் காரணி உண்டு, அதைத் தட்டி எண்ணை ஏற்றலாம். இதைவிடச் சுலபமான வித்தை ஒன்று இருக்கிறது: நீங்கள் ஜிஎஸ்டி ரோட்டில் மே மாத வெயிலில் நெரிசலில் வந்து சேர்ந்த சூட்டோடு ஸ்டாக் ரன்னை எடுப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பானெட்டைத் திறந்துவைத்துப் பெரிய ஃபேன் போட்டு ரீமேப் ரன்னை எடுப்பது. டர்போ வண்டியில் இன்டர்கூலர் ஆறினாலே வித்தியாசம் தெரியும்.

அதே டைனோ, அதே நாள், அதே கியர், இன்டேக் காற்றின் வெப்பம் ரெண்டு ரன்னிலும் கிட்டத்தட்ட ஒன்று. இப்படி எடுத்த ஷீட் என்றால் பாருங்கள். பார்க்கும்போது உச்ச எண்ணை விட்டுவிட்டு டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) கோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். 1,600 ஆர்பிஎம்மில் சுவர் போல் செங்குத்தாக எழும்பி நிற்கிற கோடு ஓட்டும்போது கிளுகிளுப்பாக இருக்கும். ஆனால் அடி வாங்குவது கனெக்டிங் ராடும் கிளட்சும்.

மதுரையிலிருந்து, ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஜி: 320 நியூட்டன் மீட்டர் டார்க் கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். போடலாமா சார்?

உங்கள் வண்டியின் ஸ்டாக் டார்க் 250 நியூட்டன் மீட்டர். அதில் இருக்கிற ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டி, டிக்யூ200, வடிவமைக்கப்பட்டது அதிகபட்சம் 250 நியூட்டன் மீட்டருக்கு. கம்பெனியே விளிம்பு வரைக்கும் தளும்பத் தளும்ப ஊற்றித்தான் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் கூடினால் உடனே உடைந்துவிடாது, ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 320 என்று சொன்னவரிடம், "கியர்பாக்ஸ் மென்பொருளில் என்ன செய்யப்போகிறீர்கள்? கிளட்ச் போனால் யார் பொறுப்பு?" என்று கேட்டீர்களா? பழைய போலோ 1.2-க்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் ஸ்டாக் டார்க் 175 தான், அதே பெட்டியில் இடம் மிச்சம் இருக்கிறது.

அப்புறம் எல்எஸ்பிஐ என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சின்ன டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை கொடுக்கும்போது, பிளக் பொறி தட்டுவதற்கு முன்னாடியே கலவை தானாகப் பற்றிக்கொள்வது. ஒரே தடவை வந்தாலும் பிஸ்டன் உடையலாம். நல்ல ட்யூனர் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை அடக்கியே வைப்பார், ஆயில் ஏபிஐ எஸ்பி தரமா என்று கேட்பார். ஆறாவது கியரில் 1,500-ல் உருட்டிக்கொண்டு போய் அப்படியே மிதிக்கிற பழக்கம் இருந்தால் ரீமேப் போட்டாலும் போடாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து: ரீமேப்புக்குப் பிறகு ஊரில் சூப்பராக இழுக்கிறது. ஊட்டி ஏறினால் குன்னூர் தாண்டியதும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஏங்க இப்படி?

அருமையான கேள்விங்க, சமவெளி ஊர்க்காரர்களுக்கு வராத கேள்வி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஃபைலில் பூஸ்டை 2.2 பார் தனி அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு) என்று எழுதிவைத்திருந்தால், கடலோரத்தில் டர்போ வெளிக்காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2.2-க்கு ஏறக்குறைய 2.9 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் பாருங்கள். கம்பெனி ஃபைலில் உயரத்துக்கேற்ப பூஸ்டைக் குறைக்கிற அட்டவணை ஒன்று இருக்கும். சில பேர் "லிமிட்டர் எல்லாம் எடுத்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, எடுத்த லிமிட்டரில் அதுவும் ஒன்று. கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று ஈசியு விளக்கைப் போடுகிறது. விளக்கு எரிந்தது நல்லதுக்குத்தான், எரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் டர்போ போயிருக்கும். போட்டவரிடமே திரும்பிப் போய், கல்லாறிலிருந்து குன்னூர் வரை எடுத்த லாகைக் காட்டி அந்த அட்டவணையைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து: எந்த பெட்ரோலுக்கு ட்யூன் பண்ணச் சொல்ல வேண்டும்? இப்போது எல்லா பங்க்கிலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தானே?

தினமும் உங்களுக்குக் கிடைக்கிற பெட்ரோலுக்கு. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 மாதிரி 100 ஆக்டேன் (ஆக்டேன் கூடினால் நாக் குறையும்) பெட்ரோல் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்கென்று எழுதிய ஃபைலோடு ராமேசுவரம் போனால் திரும்பி வருகிற வரைக்கும் நாக் சென்சாருக்கு ஓய்வில்லை. ஐரோப்பாவில் 98 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலை அப்படியே கொண்டுவந்து ஏற்றுகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். இ20 பற்றிப் பயம் அதிகம், ஆனால் ட்யூனிங் பக்கத்திலிருந்து பார்த்தால் எத்தனால் நாக்கைக் குறைக்கும், உள்ளே குளிர்ச்சியும் தரும். அதே சக்திக்குக் கூடுதல் பெட்ரோல் செலவாகும், அதனால் இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று லாகில் பார்க்க வேண்டும். பழைய வண்டி என்றால் ஓஸ், சீல் தாங்குமா என்பது தனிக் கதை.

திருச்சியிலிருந்து: சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாதாமே?

முடியும். எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதை ஈசியு எண்ணி வைத்திருக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் டிடி1 என்று ஒரு குறி கம்பெனி சர்வரிலேயே விழும், விழுந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரன்டி போனதாக வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி முடியட்டும், அப்புறம் போடுங்கள் என்பதுதான் என் பழமைவாதம். சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ என்கிறது. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் வைத்திருந்தால் பெரிய க்ளெய்மில் அவர்கள் கையில் அது ஒரு காரணம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்துகிற பாகம்) கழற்றித் தருகிறேன் என்கிறவரிடம் போகவே வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்று ஒரு தம்பி: ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கிற மாதிரி போட்டுத் தருவீர்களா அண்ணா?

மாட்டேன். அது காலை எடுத்த பிறகும் பெட்ரோலை விட்டு, பொறியைத் தள்ளிப்போட்டு, சைலன்சர் பக்கம் எரிய வைப்பது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகும், டர்போவின் சூடான பக்கம் வதங்கும். தீபாவளிக்கு வேண்டுமானால் சிவகாசிச் சரம் வாங்கிக்கொள், செலவு குறைவு.

கோவையிலிருந்து, பிஎம்டபிள்யூ எம்340ஐ: என் வண்டி ஈசியு பூட்டியிருக்கிறது, வெளியே அனுப்பித் திறக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா, பணம் பிடுங்கவா?

உண்மைதான். 2020 நடுவிலிருந்து வந்த பிஎம்டபிள்யூக்கள் பலவற்றில் ஓபிடி (ஸ்கேனர் சொருகுகிற சாக்கெட்) வழியாக எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஈசியுவைக் கழற்றித் திறக்க வேண்டியிருக்கும். எங்கே அனுப்புகிறார்கள், வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு, வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மற்றபடி பி58 இன்ஜினும் அதன் இசட்எஃப் எட்டு கியர் பெட்டியும் நன்றாகத் தாங்குகிற ஜோடி. உங்கள் கவலை டயரும் பிரேக்கும்தான். செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டுகிற எண்ணம் இருந்தால் பிரேக் பேடும் ஃப்ளூயிடும் முதலில், ரீமேப் பிறகு. 2.1 கிலோமீட்டர் டிராக், திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக் மிதிக்க வேண்டும், ஆற நேரமே கிடைக்காது.

நாமக்கல்லிலிருந்து: டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் வண்டி. ரீமேப்?

வேண்டாம். கிடைப்பது சொற்பம். நல்ல டயர் வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: ரீமேப் போட்டு மூன்று மாதம். இப்போது வண்டி ஐடிலில் ஆடுகிறது. கடைக்காரர் போன் எடுப்பதில்லை, ஸ்டாக் ஃபைலையும் தரவில்லை. என்ன செய்வது?

முதலில் ரீமேப்பைக் குறை சொல்லாமல் பிளக், காயில், வேக்யூம் ஓஸ் பார்த்துவிடுங்கள். ஐடில் ஆடுவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டி, கிலோமீட்டரும் கூடிவிட்டது என்றால் இன்டேக் வால்வில் கார்பன் படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைல்தான் காரணம் என்று தெரிந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஈசியுவுக்குப் புதிய மென்பொருள் இருந்தால் அதை ஏற்றச் சொல்லலாம், மேலே இருக்கிற ரீமேப் அழிந்துவிடும். இல்லையென்றால் மாஸ்டர் கருவி வைத்திருக்கிற இன்னொருவர் உங்கள் ஈசியு எண்ணுக்குப் பொருந்துகிற அசல் ஃபைலை ஏற்றித் தருவார், அதற்குக் கொஞ்சம் செலவாகும். அடுத்த தடவை எங்கே போட்டாலும், காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்கள் வண்டியிலிருந்து படித்த அசல் ஃபைலை ஒரு பென் டிரைவில் வாங்கி, மேலே வண்டி நம்பரையும் தேதியையும் எழுதி, ஆர்சி புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.