வேதியியலை விட்டுவிடலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு

போன வருடம் வரை அறிவியலில் நன்றாக மதிப்பெண் வாங்கிய மகள், மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் வேதியியலில் சரிந்துவிட்டாள், பாடத்தை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஒரு மாதம் பொறுங்கள்.

கீழ்வகுப்புகளில் படித்ததை நினைவில் வைத்திருந்தாலே வேதியியல் ஓடிவிடும். மேல்நிலையில் அது கணக்காக மாறுகிறது. இந்தத் திருப்பத்தில் தடுமாறும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது மோல் கருத்தைத்தான். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

இன்று மாலை மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: 36 கிராம் நீரை முழுவதும் மின்னாற்பகுத்தால், அதாவது மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தால், எத்தனை கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும்? விடை 4 கிராம். விடையை விட, அவள் அதற்கு வந்த வழி முக்கியம். நீரின் ஒரு மோல் 18 கிராம், ஆகவே இருப்பது இரண்டு மோல். இரண்டு மோல் நீரிலிருந்து இரண்டு மோல் ஹைட்ரஜன் வாயு வரும். ஹைட்ரஜன் வாயுவின் ஒரு மோல் 2 கிராம், ஆக மொத்தம் 4 கிராம். இப்படித் தயங்காமல் சொன்னால் அடித்தளம் உறுதி. சூத்திரத்தைத் தேடித் தடுமாறினால் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது. கரைசல்களின் செறிவு, வாயு விதிகள், ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன. இதைச் சரிசெய்யாமல் அடுத்தடுத்த பாடங்களுக்கு டியூஷன் வைப்பதில் பயனில்லை.

அப்புறம் கரிம வேதியியல், அதாவது கார்பன் சேர்மங்களைப் பற்றிய பகுதி. இங்கே பிள்ளைகள் வினைகளை வரிசையாக மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள், பத்துப் பதினைந்துக்கு மேல் எல்லாம் குழம்பிவிடும். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு, எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று ஒவ்வொரு வினைக்கும் அம்புக்குறி போட்டு வரையச் சொல்லுங்கள். முதல் சில நாள் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற தனிமங்களைப் பற்றிய கனிம வேதியியலில் மனப்பாடம் கொஞ்சம் இருக்கவே செய்யும், அதைத் தவிர்க்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். அம்மோனியா தயாரிக்கும் ஹேபர் முறையில் வெப்பநிலை குறைந்தால் சமநிலையில், அதாவது முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலையில், அம்மோனியா கூடும், ஆனால் வினை மிக மெதுவாக நடக்கும். அதனால்தான் தொழிற்சாலையில் வினையை வேகப்படுத்தும் இரும்பு வினையூக்கியோடு சுமார் 450 டிகிரி செல்சியஸ் வைக்கிறார்கள். வேதிச்சமநிலையும் வினைவேகமும் தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, இரண்டும் ஒரே உலைக்குள் ஒன்றையொன்று இழுப்பது புரியும்போது முகமே மாறும். அந்த ஆர்வம் உங்கள் மகளிடம் எட்டிப்பார்த்தால் பாடத்தை விடவே வேண்டாம்.

ஒரு மாதம் மோலையும் சமன்பாடுகளையும் தினமும் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தும் வெறுப்பு குறையவில்லை, அவள் போக விரும்பும் துறைக்கும் வேதியியல் தேவையில்லை என்றால், தாராளமாக மாற்றலாம். அது தோல்வி இல்லை. ஆனால் மருத்துவம், மருந்தியல், வேதிப் பொறியியல் என்று எதாவது மனதில் இருந்தால், அந்தப் படிப்புகளின் சேர்க்கை விதியை இப்போதே அவளோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். பாடம் மாற்றக் கடைசி நாள் எது என்பதையும் பள்ளியில் இந்த வாரமே கேட்டு வையுங்கள்.