செஸ் கேள்வி-பதில்: முதலில் எஞ்சினை அணையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? 2023 ஜனவரியில் நம்ம காரைக்குடிப் பையன் பிரணேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதிலிருந்து இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு செஸ் போர்டு வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் பிள்ளையின் வயது, ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி), வீட்டில் இருப்பது போனா லேப்டாப்பா என்று மூன்று விவரம் சேர்த்து எழுதச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! எழுதியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கே: என் மகனுக்கு எந்த செஸ் சாஃப்ட்வேர் நல்லது? (காரைக்குடி)

ப: ஜவுளிக்கடையில் போய் "சட்டை கொடுங்க" என்று மட்டும் சொன்னால் எந்த அளவை எடுத்துப் போடுவார்கள்? ஆரம்பநிலை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். லீசெஸ் என்ற இணையதளம் போதும். 2010 முதல் நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரம் கிடையாது, பசில் (செஸ் புதிர்), பாடம், ஆட்ட அலசல் எல்லாமே இலவசம். செஸ்.காம் இன்னும் பளபளப்பாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் இலவசக் கணக்கில் பசிலுக்கும் அலசலுக்கும் தினசரி அளவு உண்டு. எதுவானாலும் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்காமல் வருடச் சந்தா கட்டாதீர்கள்.

கே: ஏழு வயது மகளை ஸ்டாக்ஃபிஷ் உடன் ஆட விட்டேன். தினமும் தோற்று அழுகிறாள். பழகினால் சரியாகிவிடுமா? (கோட்டையூர், ஓர் அம்மா)

ப: சரியாகாது அம்மா. ஸ்டாக்ஃபிஷ் ஓர் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிட்டுத் தானே ஆடும் நிரல். முன்னாள் உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங் 2882. ஸ்டாக்ஃபிஷ் சுமார் 3500-க்கும் மேலே. கார்ல்சனே உட்கார்ந்தாலும் அதனிடம் அழவேண்டியதுதான்.

லெவலைக் குறைத்தாலும் ஒரு தொல்லை இருக்கிறது. நாலு நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டு, ஐந்தாவதில் காரணமே இல்லாமல் ராணியைத் தூக்கிக் கொடுக்கும். மனிதர்கள் அப்படித் தப்பு செய்வதில்லை. எப்போது தானமாகக் கிடைக்கும் என்று காத்திருக்கத்தான் குழந்தை பழகும். விண்டோஸ் லேப்டாப் இருந்தால் லூகாஸ் செஸ் இறக்குங்கள். இலவசம்தான், பிள்ளைகள் ஜெயிக்கக்கூடிய பலவீனமான எதிராளிகள் அதில் நிறைய உண்டு. கொஞ்சம் வளர்ந்த பிறகு லீசெஸில் உள்ள மாயா என்ற எஞ்சின். அதை மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்தே பழக்கியிருக்கிறார்கள், அதனால் அதன் தப்புகளும் மனிதத் தப்புகளாகவே இருக்கும். இப்போதைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு போர்டில் ஆட விடுங்கள்.

கே: மகனுக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1520. செஸ்பேஸ் சாஃப்ட்வேர் வாங்கினால்தான் முன்னேற முடியும் என்கிறார்கள். தெரிந்தவர் பென் டிரைவில் காப்பி தருவதாகச் சொல்கிறார். (தேவகோட்டை)

ப: பென் டிரைவ் பேச்சை இதோடு விடுங்கள். திருட்டுக் காப்பியோடு வைரஸும் சேர்ந்து வரும், அப்புறம் லேப்டாப்பை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள்.

செஸ்பேஸ் அருமையான கருவி. மறுக்கவில்லை. உலக அளவில் ஆடுகிறவர்கள் எதிராளியைப் படிக்க அதைத்தான் திறக்கிறார்கள். அதன் பெரிய டேட்டாபேஸில் ஒரு கோடி ஆட்டத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் 1500-ல் இருக்கிற பையன் தோற்பது எதிராளியின் பழைய ஆட்டங்களைப் படிக்காததாலா? இருபதாவது நகர்வில் யானையைக் காவல் இல்லாமல் விட்டதால்தான். 2000 பக்கம் வரட்டும், அப்போது யோசிக்கலாம். அதுவரை அவன் ஆட்டங்களைச் சேர்த்து வைக்க ஸ்கிட் என்ற சாஃப்ட்வேர் போதும், லீசெஸில் உள்ள ஸ்டடி என்ற வசதியும் போதும். இரண்டுக்கும் காசு கிடையாது.

எதில் சேர்த்தாலும் மாதம் ஒருமுறை பி.ஜி.என். கோப்பாக (ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிவைக்கும் கோப்பு) இறக்கி வேறொரு இடத்தில் நகல் வையுங்கள். இதை ஒவ்வொரு தடவையும் எழுதுகிறேன், போன் தண்ணீரில் விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது.

கே: எஞ்சின் +0.50, +1.00 என்று காட்டுவதற்கு என்ன அர்த்தம்? (புதுவயல்)

ப: பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம். முன்பெல்லாம் +1.00 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் கூடுதல் என்று சொல்வோம். 2022 கடைசியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் கணக்கை மாற்றினார்கள். தனக்குச் சமமான இன்னொரு எஞ்சினோடு ஆடினால் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும் நிலைதான் +1.00. நீங்களும் நானும் ஆடும்போது +0.50-க்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லை.

கே: மகன் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் உடனே எஞ்சினில் போட்டு எல்லாத் தவறையும் அவனுக்குக் காட்டிவிடுகிறேன். ஒரு வருடமாகியும் திருந்தவில்லை. இன்னும் ஆழமாகப் பார்க்கும் சாஃப்ட்வேர் இருக்கிறதா? (காரைக்குடி, ஒரு தந்தை)

ப: இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

எந்தப் போட்டிக்குப் போனாலும் அரங்குக்கு வெளியே இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வேப்பமரத்தடியில் அப்பாக்கள் போனோடு நிற்பார்கள். பிள்ளை வெளியே வந்ததும் வராததுமாக ஸ்கோர் ஷீட்டைப் பிடுங்கி, நகர்வுகளைத் தட்டி, சிவப்புக் கேள்விக்குறிகளை எண்ண ஆரம்பிப்பார்கள். "பதினேழாவது மூவ்ல குதிரைய எஃப்5-ல வச்சிருந்தா ஆட்டம் முடிஞ்சிருக்கும்டா, கண்ணு எங்க இருந்துச்சு?" இதைக் கேட்கிற அப்பாவுக்கு கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) எந்தப் பக்கம் செய்வது என்பதே தெரியாது. பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் அடுத்த சுற்று. தண்ணீர்கூடக் குடித்திருக்காது. ஒருமுறை ஒரு பையன் என்னிடம் வந்து, "சார், தோத்தாகூடப் பரவாயில்லை, டிரா ஆனா அடி விழும், ஏன்னா அதுல ஜெயிக்கிற மூவ் எங்கயாவது இருக்கும்" என்றான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை.

எஞ்சின் மேல் எனக்குக் கோபமில்லை, நானும் தினம் பார்க்கிறேன். அது எந்த நகர்வு நல்லது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பன்னிரண்டு நகர்வு தள்ளி வரப்போகும் ஏதோ ஒரு சிப்பாய்க்காக +2.4 என்று காட்டும். அதை 1500 ரேட்டிங் பையன் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. அவனால் கண்டுபிடித்திருக்கக்கூடியது எது, அதை ஏன் விட்டான் என்பதுதான் உங்களுக்குத் தேவை. அது அவன் வாயிலிருந்துதான் வரும். அவன் பேசுவதற்குள் நீங்கள் எஞ்சினைத் திறந்துவிடுகிறீர்கள்.

நம்ம ஊர் வட்டிக்கடைகள் பர்மாவிலும் மலாயாவிலும் எப்படி ஆள் தயாரித்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பெட்டியடியில் வேலை பழகும் பையன் வட்டியை மனக்கணக்காகப் போட்டுச் சொல்லவேண்டும். பேரேட்டைச் சரிபார்ப்பது அதற்குப் பிறகுதான். விடையை முதலிலேயே காட்டிவிட்டால் அவன் எங்கே கணக்குப் போடுவான்?

இப்படிச் செய்து பாருங்கள். போட்டியன்று ஒன்றும் பேசவேண்டாம். வீட்டுக்கு வந்து மறுநாள் போர்டை எடுத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து அவனையே ஆட்டத்தை ஓட்டச் சொல்லுங்கள். எங்கே பயந்தான், எங்கே ரொம்ப நேரம் யோசித்தான், எதிராளியின் எந்த நகர்வை எதிர்பார்க்கவில்லை என்று பென்சிலால் குறிக்கட்டும். அப்போது என்ன நினைத்தான் என்று பக்கத்தில் இரண்டு வார்த்தை. அதற்கப்புறம் எஞ்சினைத் திறக்கலாம். அவன் குறித்த இடங்களையும், மதிப்பு ஒரே நகர்வில் இரண்டுக்கு மேல் புரளும் இடங்களையும் மட்டும் பாருங்கள். மற்றதை விடுங்கள். லீசெஸில் 'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' என்று ஒரு வசதி உண்டு. தவறிய நிலையைக் காட்டி, சரியான நகர்வை மறைத்து, நீயே கண்டுபிடி என்று விட்டுவிடும். பொத்தானைத் தட்டியே தீரவேண்டும் என்றால் அதைத் தட்டுங்கள்.

கடைசியில் ஆட்டத்துக்கு ஒரு வரி, நோட்டில். இருபது ஆட்டம் சேர்ந்ததும் புரட்டுங்கள். "அவசரத்தில் ராஜா முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளினேன்" என்பது ஏழு தடவை வந்திருக்கும். பயிற்சியாளரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள், என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னும் ஆழமான சாஃப்ட்வேர் வேண்டாம். உங்கள் போனில் இருப்பதே உலக சாம்பியனைவிட ஆழமாகப் பார்க்கிறது.

கே: தினம் நூறு பசில் போடுகிறேன். ஆட்டத்தில் ஒன்றும் தெரியமாட்டேன் என்கிறது. (கானாடுகாத்தான், கல்லூரி மாணவர்)

ப: நூறு போடுகிறவர் யோசித்துப் போடுவதில்லை தம்பி. முதலில் தோன்றியதைத் தட்டி, தப்பென்றால் அடுத்ததைத் தட்டுகிறீர்கள். பத்துப் போடுங்கள். எதிராளியின் பதில் உட்பட முழு வரிசையும் தலைக்குள் முடிந்த பிறகுதான் காயைத் தொடவேண்டும். கடிகாரத்தோடு ஓடும் பசில் வேடிக்கைக்கு, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் இறக்கிய சாஃப்ட்வேரில் கோளாறு. என் சிப்பாய் இரண்டு கட்டம் போனதும், பக்கத்தில் இருந்த எதிரிச் சிப்பாய் அதை வெட்டிவிட்டுக் குறுக்கே போய் நிற்கிறது. யாரிடம் புகார் செய்வது? (ஊர் எழுதவில்லை)

ப: அதற்குப் பெயர் ஆன் பாசான். சில நூறு ஆண்டுகளாக விதியில் இருக்கிறது. விதிகளை ஒருமுறை படித்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.

வீட்டு ஐயாக்களிடம் கற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயற்கை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடியிலும் ஒரு கட்டம்தான், ராஜா ஒரே ஒருமுறை குதிரை போலத் தாவலாம். அழகான ஆட்டம்தான். சாஃப்ட்வேர் அதை ஏற்காது.

கே: காரணமே இல்லாமல் செஸ் தளத்தில் என் கணக்கை மூடிவிட்டார்கள். (காரைக்குடி)

ப: எஞ்சின் பார்த்து ஆடினீர்களா என்பதை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

கே: லீசெஸில் 1900 வந்துவிட்டேன். ஃபிடே ரேட்டிங்கும் 1900 வருமா? (தேவகோட்டை)

ப: வராது. லீசெஸ் எல்லோருக்கும் 1500-ல் தொடங்குகிறது, ஃபிடேயில் ஆகக் குறைந்த ரேட்டிங்கே 1400. இரண்டும் வேறு வேறு படி. சில நூறு புள்ளி குறையும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போட்டிக்குப் போங்கள்.

கே: எங்கள் கிராமத்தில் சிக்னல் வராது. பழைய ஆண்ட்ராய்டு போன்தான். (திருப்பத்தூர் அருகே)

ப: விவரத்தோடு கேட்டதற்கு நன்றி. ட்ராய்ட்ஃபிஷ் என்ற ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம், ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே இருக்கிறது, நெட் வேண்டாம். டவுனுக்கு வரும்போது லீசெஸ் ஆப்பில் பசில்களை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். ட்ராய்ட்ஃபிஷில் ஆடும்போது ஸ்டாக்ஃபிஷ் தன் யோசனையைத் திரையில் காட்டும் வசதியை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள்.

கே: ஏஐ சாட் ஒன்றிடம் செஸ் கற்றுக்கொள்ளலாமா? (காரைக்குடி)

ப: ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கலாம், திட்டம் போட்டுத் தரச் சொல்லலாம். அதோடு ஆட்டம் ஆடிப் பாருங்கள், சில சமயம் நடுவில் போர்டில் இல்லாத காயையே நகர்த்தும்.

கே: வயது 68. பிள்ளைகள் வெளிநாட்டில். வளவு வீட்டில் நானும் ஆச்சியும்தான். பினாங்கில் இருக்கும் பள்ளித் தோழரோடு ஆட ஆசை. ஆனால் கடிகாரம் ஓடினால் எனக்குக் கை நடுங்குகிறது. (பள்ளத்தூர்)

ப: ஐயா, லீசெஸில் தபால்வழி ஆட்டம் போல ஒரு முறை உண்டு. ஒரு நகர்வுக்கு ஒரு நாளிலிருந்து பதினான்கு நாள்வரை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் காலைக் காப்பிக்குப் பிறகு ஒரு காயை நகர்த்துங்கள், அவர் ராத்திரி பதில் போடட்டும். பட்டாலையில் நிஜ போர்டு ஒன்றையும் அதே நிலையில் வைத்துக்கொண்டால் கண்ணுக்கும் சிரமமில்லை. இந்த முறையில் ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) புத்தகத்தைப் பார்த்து ஆட அனுமதி உண்டு. எஞ்சின் மட்டும் கூடாது. தோழரிடமும் சொல்லிவிடுங்கள்.