நிறுவனத்தை வைத்துக்கொண்டே ஓட்டுக் கேட்கலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் அமெரிக்க மாநிலத் தேர்தல்களைச் சுற்றியே இருந்தன. ஒரு வாசகியின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதையொட்டித்தான்.

கேள்வி: என் தங்கை மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது, விண்ணப்பம் நிரப்பித் தருவது என்று ஒரு தொண்டு நிறுவனத்தைப் பல வருடமாக நடத்துகிறாள். நிர்வாக இயக்குநரும் அவள்தான். இப்போது மாநில சட்டமன்றத்தின் கீழவைக்கு நிற்கப் போகிறாளாம். "வேலையை விடமாட்டேன் பெரியம்மா, சட்டத்தில் தடையே இல்லை" என்கிறாள். சரிதானா?

பதில்: சட்டப்படி சரிதான். ஆனாலும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

அங்கே இந்த மாதிரி நிறுவனங்கள் பெரும்பாலும் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும். நிறுவனத்துக்கு வரிவிலக்கு, நன்கொடை தருபவருக்கும் வரிச்சலுகை. இதற்குப் பதிலாக அரசு கேட்பது ஒன்று உண்டு. 1954-ல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நிறுவனம் தேர்தல் வேலையில் இறங்கக் கூடாது. கொஞ்சம் இறங்கலாம், நிறைய இறங்கக் கூடாது என்ற பேச்செல்லாம் இல்லை, முழுத் தடை. ஒரு மசோதா வேண்டும், வேண்டாம் என்று ஓர் அளவுக்குள் வாதாடலாம், வேட்பாளரைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. ஆனால் தடை நிறுவனத்துக்குத்தான், அதை நடத்துகிறவருக்கு இல்லை. அவர் தன் நேரத்தில், தன் செலவில் தாராளமாக நிற்கலாம். உங்கள் தங்கை மகள் படித்திருப்பது இந்தக் கடைசி வரியை.

சரி, இப்போது நிறுவனத்தின் வருடாந்திர நிதி திரட்டும் விருந்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் நிறுவனத்தின் பேனர், கீழே நன்கொடையாளர்கள். தொகுத்து வழங்குகிற பையன் உற்சாகத்தில் மைக்கைப் பிடித்து, "நம் அடுத்த சட்டமன்ற உறுப்பினரை அழைக்கிறேன்" என்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள், யாரோ படம் எடுத்து நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுகிறார்கள். இதில் உங்கள் பெண் வாயே திறக்கவில்லை. ஆனாலும் நிறுவனத்தின் மேடை, நிறுவனத்தின் காசு, நிறுவனத்தின் பக்கம் மூன்றும் ஒரு வேட்பாளருக்குப் பயன்பட்டுவிட்டன, புகார் எழுத அது போதும். "இன்னும் மனுவே தாக்கல் செய்யவில்லையே" என்று சொல்லித் தப்பிப்பதும் கஷ்டம், ஏனென்றால் வரி விதிகள் தானாக முன்வருபவரோடு மற்றவர்களால் முன்மொழியப்படுபவரையும் வேட்பாளர் என்றே கணக்கில் எடுக்கின்றன.

வேட்பாளர் தினமும் மணிக்கணக்கில் போனில் உட்கார்ந்து பணம் கேட்க வேண்டும், அங்கே அரசியலில் இது பாதி வேலை. அதைப் பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் அது நிறுவனத்தின் உதவி. வீட்டிலிருந்தே பேசினாலும், பேசப்படும் ஆட்கள் யார்? பல வருடமாக நிறுவனத்துக்குக் கொடுத்தவர்கள்தான். அவர்களின் பட்டியல் நிறுவனத்தின் சொத்து. சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது, சந்தை விலைக்கு வாடகைக்கு விடலாம், ஆனால் எதிர்த்து நிற்பவர் கேட்டாலும் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும். வாக்காளர் பதிவு முகாம் நடத்துவதும் கட்சி சாராமல் இருக்கும்வரை சரியானதுதான், ஆனால் அந்த வருடம் பார்த்து அவர் தொகுதியில் மட்டும் முகாம் போட்டால் யார் நம்புவார்கள்?

பிரசுரத்தில் தான் இன்ன நிறுவனத்தின் இயக்குநர் என்று போட்டுக்கொள்ளலாம், அது உண்மைதானே. "அடையாளத்துக்காக மட்டும்" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். நிறுவனம் எடுத்த படங்கள், வீடியோக்களை மட்டும் தொட வேண்டாம். உதவி பெற்றவர்களின் முகங்களைப் போடுவது எந்த விதியும் இல்லாவிட்டாலும் அசிங்கம் என்பது என் கருத்து. வரித்துறை 2007-ல் வெளியிட்ட ஒரு விளக்க ஆணையில் 21 சூழ்நிலைகளை வரிசையாகச் சொல்லி, எது மீறல், எது இல்லை என்று பிரித்திருக்கிறார்கள். வக்கீலுக்குப் பீஸ் கொடுக்கும் முன்பு அதைப் படிக்கச் சொல்லுங்கள், நம்பவே மாட்டீர்கள், கதை மாதிரி போகும்.

மாட்டினால் என்ன ஆகும் என்றால், செலவழித்த தொகையில் 10 சதவீதம் நிறுவனத்தின் மீது வரி, தெரிந்தே ஒப்புக்கொண்ட நிர்வாகி மீது தனியாக 2.5 சதவீதம், மிஞ்சிப்போனால் வரிவிலக்கே ரத்து. ரத்தாவது அபூர்வம்தான். ஆனால் தேர்தல் நேரத்தில் "வரித்துறையில் புகார்" என்ற தலைப்புச் செய்தியே எதிராளிக்குப் போதும். அடி விழுவது வேட்பாளருக்கு மட்டும் இல்லை, திங்கட்கிழமை காலையில் விண்ணப்பம் நிரப்ப வந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கும்தான். அதனால்தான் விடச் சொல்கிறேன். முழுதாக விட மனமில்லை என்றால் சம்பளமில்லாத விடுப்பு எடுத்து, கையெழுத்து அதிகாரத்தை எழுத்துபூர்வமாக வேறொருவரிடம் கொடுத்து, அலுவலக ஈமெயிலையும் மூடிவிட்டுப் போகட்டும். அறிவிப்புக்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அவர் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்சி அரசியலில் இறங்குவதைக் கட்டுப்படுத்தும் ஹாட்ச் சட்டம் அரசு ஊழியர்களுக்கு மட்டுமானது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் மாதிரியான சில மத்திய அரசுத் திட்டங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்களையும் அது தொடும். முழுச் சம்பளமும் மத்திய அரசுப் பணத்தில் வந்தால், கட்சி அடிப்படையிலான தேர்தலில் நிற்கவே கூடாது.

கேள்வி: தொண்டு நிறுவனத்திலிருந்து போய் ஜெயித்தவர்கள் யாராவது உண்டா?

பதில்: நிறையப் பேர். நமக்குப் பக்கத்து உதாரணம் பிரமிளா ஜெயபால். 1965-ல் சென்னையில் பிறந்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, குடியேறியவர்கள் மீது வெறுப்பு கிளம்பிய நேரத்தில் சியாட்டிலில் ஒரு அமைப்பைத் தொடங்கினார். பிறகு அதன் பெயர் ஒன்அமெரிக்கா என்று மாறியது. 2012-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், 2014-ல் வாஷிங்டன் மாநில செனட்டுக்கு ஜெயித்தார், 2016-ல் அமெரிக்க காங்கிரஸுக்கே. விலகியதற்கும் நின்றதற்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

ஒபாமாவும் இந்த வழியில் வந்தவர்தான். 1985 முதல் 1988 வரை சிகாகோவில் சமூக அமைப்பு ஒன்றை நடத்தினார், 1996-ல் இல்லினாய் மாநில செனட்டுக்கு நின்றார். மாநில செனட்டராக இருந்தபோதே ஜாய்ஸ் ஃபவுண்டேஷன், வுட்ஸ் ஃபண்ட் ஆகிய அறக்கட்டளைகளின் இயக்குநர் குழுக்களிலும் இருந்தார், ஆக இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது குற்றமில்லை. ஆனால் குழுவில் ஒருவராக உட்காருவது வேறு, தினசரி நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பது வேறு. அந்த 1996 தேர்தலைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பெயர் வாக்குச்சீட்டில் வர வாக்காளர்களின் கையெழுத்து மனு தேவை. எதிராளிகள் கொடுத்த கையெழுத்துகள் செல்லாது என்று ஒபாமா தரப்பு ஒவ்வொன்றாகக் கிளப்பியதில், பதவியில் இருந்த ஆலிஸ் பாமர் உட்பட எல்லோரும் விழ, உட்கட்சித் தேர்தலில் அவர் மட்டும்தான் மிச்சம். நல்லவர் என்று பெயர் வாங்கியவர்கள் முதலில் அடிவாங்குவது இந்தக் காகித வேலையில்தான், தேவைக்கு மேல் இரண்டு மடங்கு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நிறுவனத்தை விட்டு விலகிவிட்டால் அப்புறம் எந்தப் பிரச்சினையும் இல்லையே?

பதில்: அவருக்கு வேண்டுமானால் இல்லை. ஜார்ஜியாவில் அரசியல்வாதி ஸ்டேசி ஏப்ரம்ஸ் தொடங்கிய, வாக்காளர் பதிவு வேலை செய்த நியூ ஜார்ஜியா ப்ராஜெக்ட் என்ற அமைப்பின் கதை தெரியுமா? 2018-ல் அவர் ஆளுநர் பதவிக்கு நின்றார், அதற்கு முன்பே அமைப்பிலிருந்து விலகிவிட்டார். ஆனாலும் அந்தத் தேர்தலில் அவருக்கும் வேறு சிலருக்கும் ஆதரவாக அந்த அமைப்பு வேலை செய்தது, மாநில விதிப்படி பதிவும் செய்யவில்லை, கணக்கும் காட்டவில்லை. கடைசியில் தவறை ஒப்புக்கொண்டு, 2025 ஜனவரியில் 3 லட்சம் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. விலகும்போது இயக்குநர் குழுவுக்கும் ஊழியர்களுக்கும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு விலக வேண்டும். ஊழியர்கள் தங்கள் சொந்த நேரத்தில் அவருக்காகக் கதவு தட்டலாம், நிறுவனத்தின் டீ-ஷர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு.

கேள்வி: எதிர்த்து நிற்பவர்கள் எதைக் கிளறுவார்கள்?

பதில்: 990 படிவத்தை. நிறுவனம் வருடாவருடம் வரித்துறைக்குத் தரும் இந்த அறிக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது. இயக்குநரின் சம்பளம் அதில் இருக்கும். தேர்தல் வேலையில் ஈடுபட்டீர்களா என்ற கேள்வியும் இருக்கும், ஆம், இல்லை என்று பதிலோடு. "ஏழைகளுக்குச் சேவை என்றார், வாங்கிய சம்பளத்தைப் பாருங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்க ஐந்து நிமிடம் போதும். நியாயமான சம்பளமாகவே இருக்கும், ஆனாலும் அந்த எண்ணை அவரே முதலில் மேடையில் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் இங்கே சொந்தக்காரர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். வெளிநாட்டவர் பணம் அமெரிக்காவில் மத்திய, மாநில, உள்ளூர் எந்தத் தேர்தலுக்கும் போகக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம். எச்1பி விசாவில் இருக்கும் அக்கா மகன் காசு கொடுக்க முடியாது, ஆனால் சம்பளம் வாங்காமல் வாரக் கடைசியில் பிரசுரம் விநியோகிக்கலாம். குடிமக்கள் கொடுக்கும் தேர்தல் நன்கொடைக்கும் மத்திய வருமான வரியில் சலுகை கிடையாது, நிறுவனத்துக்குக் கொடுத்த பழக்கத்தில் ரசீது கேட்பார்கள்.

மேய்ன் மாநிலத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கீழவைக்கு நிற்பவர் தன் தொகுதியில் 60 பேரிடம் ஆளுக்கு 5 டாலர் வாங்கிக் காட்டினால், பிரசாரச் செலவைப் பொது நிதியே தரும். டெக்சாஸும் வர்ஜீனியாவும் நேர் எதிர், அங்கே தனிநபர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினர் ஆனால் நல்ல சம்பளமா?

பதில்: எந்த மாநிலம் என்று சொல்லவில்லையே! நியூயார்க் என்றால் வருடத்துக்கு 1,42,000 டாலர். டெக்சாஸ் என்றால் மாதம் 600 டாலர், கூட்டத்தொடர் நடக்கும்போது தினப்படி தனி. நியூ ஹாம்ப்ஷயரில் வருடத்துக்கு 100 டாலர்தான், 1889-லிருந்து அப்படியே இருக்கிறது. அங்கே கீழவையில் மட்டும் 400 பேர். அதனால் ஓய்வு பெற்றவர்களும் கையில் காசு உள்ளவர்களும்தான் நிறைய வருகிறார்கள். தொண்டு நிறுவனச் சம்பளத்தில் வாழ்ந்தவர் வேலையையும் விட்டுவிட்டு ஒரு வருடம் பிரசாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் மேலே "விடச் சொல்லுங்கள்" என்று எழுதினேன், சொல்வது எளிது. வீட்டில் கணவர் சம்பளம் தாங்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

கேள்வி: ஜெயித்துவிட்டால் மறுபடி நிறுவனத்துக்கே வந்து உட்காரலாமா?

பதில்: பகுதி நேரச் சட்டமன்றம் உள்ள மாநிலங்களில் பலர் பழைய வேலையையும் பார்க்கிறார்கள். பிரச்சினை மாநில பட்ஜெட்டில் வரும். அந்த நிறுவனம் மாநில அரசின் மானியம் வாங்குகிறதென்றால், அந்த ஒதுக்கீட்டுக்கு அவரே கைதூக்க வேண்டியிருக்கும். சில மாநிலங்களில் வெளிப்படையாக அறிவித்தால் போதும், சிலவற்றில் ஒதுங்கி நிற்க வேண்டும். மாநிலத்தின் நெறிமுறை ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுவும் ஜெயிப்பதற்கு முன்பே.