சபைக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்ப இருக்கறது கோயம்புத்தூர். வார நாள்ல ஒரு ஏஜென்சில விளம்பரம் போடற வேலை, ஞாயித்துக்கிழமை எங்க சின்ன சபைல மீடியா டீம். சபை விளம்பரம் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன வாரம் சொன்னேன், நிறைய வந்துருச்சு. ஒரே மாதிரி இருந்தத எல்லாம் சேத்து எழுதிருக்கேன்.

நாசரேத், சபை மூப்பர்: தம்பி, காணிக்கை பணத்த எடுத்து ஒரு கம்பெனிக்கு குடுத்து விளம்பரம் பண்றது எனக்கு மனசு ஒப்பல. சுவிசேஷத்துக்கு இது தேவையா?

ஐயா, இந்த கேள்விய ஒவ்வொரு கமிட்டிலயும் ஒருத்தராவது கேக்கணும். ஆனா ஒன்னு யோசிச்சு பாருங்க, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706ல தரங்கம்பாடிக்கு வந்து பத்து வருஷம் கூட ஆகல, 1715ல தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி வந்துருச்சு, அச்சு மெஷினுக்கும் எழுத்துக்கும் காகிதத்துக்கும் அன்னைக்கும் யாரோ காசு குடுத்துதான் இருக்காங்க. 1970ல சிஷெல்ஸ் தீவுலருந்து ஃபீபா கிறிஸ்தவ ரேடியோ ஆரம்பிச்சுச்சு, உங்க வயசுக்காரங்க சிற்றலைல திருகி திருகி கேட்டுருப்பீங்க. இன்னைக்கும் கன்வென்ஷன்னா போஸ்டர் ஒட்றோம், ஆட்டோல மைக் கட்டி விடறோம், அதுவும் காணிக்கைதான். எங்க சபைல கமிட்டில தீர்மானம் போட்டு தனி கணக்குல வச்சு பில்ல பொருளாளர்கிட்ட குடுத்துருவோம், வருஷக் கடைசி கணக்குல எல்லார் முன்னாடியும் வாசிப்போம். அப்படி வெளிச்சத்துல செஞ்சா மனசு ஒப்பும்னு நெனைக்கிறேன் ஐயா.

திருப்பூர், பாஸ்டர்: எங்ககிட்ட மொத்தமே 3000 ரூபா இருக்கு. இத வச்சு ஏதாவது பண்ண முடியுமா?

முடியும் பாஸ்டர். ஆனா முதல் வாரம் அதுல ஒரு ரூபா கூட எடுக்காதீங்க. கூகுள் மேப்ல சபை சரியான இடத்துல இருக்கா, ஆராதனை நேரம் சரியா இருக்கா, போன் நம்பர் வேலை செய்யுதான்னு பாருங்க, இது எல்லாமே இலவசம். தென்காசிலருந்து பனியன் கம்பெனி வேலைக்கு புதுசா வந்த ஒரு குடும்பம் முதல்ல தேடறது "பக்கத்துல சர்ச்"னு மேப்லதான். விளம்பரம் பாத்துட்டும் அங்கதான் போய் பாப்பாங்க, அங்க பழைய நேரம் இருந்தா பூட்டுன கேட்ட பாத்துட்டு திரும்பி போயிருவாங்க.

அப்புறம் 3000. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கு, அதனால விளம்பரத்துக்கு நிக்கறது 2540 பக்கம்தான். இத மாசம் பூரா தெளிக்காம ஒரே ஒரு அழைப்புக்கு வைங்க, கிறிஸ்துமஸ் ஆராதனையோ அறுப்பின் பண்டிகையோ டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட்டோ எதாவது ஒன்னு. போஸ்டுக்கு கீழ இருக்கற பூஸ்ட் (காசு குடுத்து போஸ்ட பரப்பறது) பட்டன அமுக்காம, விளம்பரத்துக்குன்னே இருக்கற ஆட்ஸ் மேனேஜர்ல போய் போடுங்க, அங்கதான் யாருக்கு எங்க காட்டணும்னு நல்லா அடக்க முடியும். திருப்பூர்னு ஊர் பேர் குடுக்காதீங்க, சபை மேல பின் வச்சு சுத்தி அஞ்சு கிலோமீட்டர் போதும், ஏன்னா ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு பஸ் மாறி புது சபைக்கு யாரும் வர மாட்டாங்க. இன்னொன்னு, மொழில தமிழ்னு செலக்ட் பண்ணாதீங்க, நம்ம ஆளுங்க பாதி பேர் போன இங்கிலீஷ்லதான் வச்சுருக்காங்க, அவங்க எல்லாரும் கழிஞ்சு போயிருவாங்க. விளம்பரத்த தமிழ்ல எழுதுனா போதும்.

போட்டதுக்கு அப்புறம் தினமும் உள்ள போய் படத்த மாத்தி காச மாத்தி நோண்டக் கூடாது. ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுக்கும் கம்பெனி மெட்டாதான், அவங்க சிஸ்டம் விளம்பரத்த யாருக்கு காட்டணும்னு கத்துக்கவே ஒரு வாரத்துல 50 பேர் பக்கம் நாம கேட்டத செய்யணும்னு சொல்றாங்க, சின்ன பட்ஜெட்ல அது கஷ்டம்தான், அதனாலதான் ஃபார்ம் நிரப்பறது மாதிரி பெரிய வேலை கேக்காம வாட்ஸ்அப்ல மெசேஜ் வர்ற மாதிரி வைக்க சொல்றேன்.

சென்னை, காலேஜ் தம்பி: அண்ணா, "நீங்கள் கிறிஸ்தவரா? சபை தேடுகிறீர்களா?"ன்னு போட்டேன், ரிஜெக்ட் ஆகிருச்சு. கிறிஸ்தவங்கள மட்டும் டார்கெட் பண்ணவும் ஒன்னும் கிடைக்கல.

பாக்கறவர் மதம் என்ன, உடம்புக்கு என்ன, மனசுல என்னன்னு நமக்கு தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாது தம்பி, அதுதான் விதி. "மன அழுத்தத்தில் இருக்கிறீர்களா"ன்னு போட்டாலும் ரிஜெக்ட் ஆகலாம். நம்மள பத்தி எழுது: "ஞாயிறு காலை 9 மணிக்கு வேளச்சேரில ஆராதனை, ஊருக்கு புதுசா வந்தவங்களுக்கு அப்புறம் டிபன் இருக்கு, வாங்க." அவ்வளவுதான், பாஸ் ஆகிரும். டார்கெட் விஷயம், 2022 ஜனவரில மெட்டா மத அமைப்பு, மத பண்டிகை சம்பந்தமான ஆப்ஷன நிறைய எடுத்துட்டாங்க. இடமும் வயசும் வச்சு போடு, ஒரு நிமிஷ வீடியோ ஒன்னு ஓட விட்டு அத முக்கால்வாசி பாத்தவங்களுக்கு மட்டும் அடுத்து அழைப்ப காட்டு. எனக்கு அதுதான் எப்பவும் நல்லா வேலை செஞ்சுருக்கு.

மதுரை, சிஸ்டர் ஒருத்தங்க: சுகமளிக்கும் கூட்டத்துக்கு, கேன்சர் சுகமானவங்க சாட்சிய விளம்பரமா போடலாமா?

வேண்டாம் சிஸ்டர். முதல்ல சட்டம்: 1954லயே மருந்து, மாயத் தீர்வு விளம்பரங்களுக்குன்னு ஒரு மத்திய சட்டம் வந்துருக்கு, அதுல இருக்கற நோய் பட்டியல்ல கேன்சரும் இருக்கு சர்க்கரையும் இருக்கு. மந்திரிச்சு இத குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றதயே அது தடுக்குது. நாம பண்றது ஜெபம், அது வேறன்னு சொல்லலாம், ஆனா புகார்னு ஒன்னு போனா பதில் சொல்ல வேண்டியது உங்க பாஸ்டர்.

ஆனா நான் வேண்டாம்னு சொல்றதுக்கு காரணம் சட்டம் மட்டும் இல்ல. எங்க பெரியம்மா சுகர் மாத்திரை எடுத்துட்டு இருந்தாங்க, இப்படி ஒரு சாட்சி வீடியோ பாத்துட்டு விசுவாசம்னு சொல்லி நிறுத்திட்டாங்க, வீட்ல யாருக்கும் தெரியாது, கால்ல புண்ணு பெருசான அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, ரெண்டு விரல எடுத்துட்டாங்க. வீடியோவ போட்டவங்க மாத்திரைய நிறுத்துன்னு ஒரு வார்த்த கூட சொல்லல. கூட்டத்துல நேர்ல சாட்சி சொல்றப்ப பக்கத்துல பாஸ்டர் இருப்பார், "டாக்டர பாக்கறத விட்றாதீங்க"ன்னு சொல்லுவார். விளம்பரமா போறப்ப ஒருத்தங்க தனியா, வலியோட, ராத்திரில பாப்பாங்க, பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. "உங்களுக்காக ஜெபிக்க விரும்புறோம், பேர மட்டும் அனுப்புங்க"ன்னு போடுங்க சிஸ்டர். வர்றவங்க கண்டிப்பா வருவாங்க.

கோவில்பட்டி, மீடியா டீம்: எங்களுக்கு 140 மெசேஜ் வந்துச்சு, சபைக்கு வந்தது ரெண்டே பேர். விளம்பரம் தப்பா?

140 பேர் கை நீட்டிருக்காங்க பிரதர், விளம்பரம் அதோட வேலைய செஞ்சுருச்சு. நான் கேக்கறது, அந்த மெசேஜுக்கு யார் பதில் போட்டா, எத்தன மணி நேரம் கழிச்சு? நிறைய சபைல போன் ஒரு பையன்கிட்ட இருக்கும், அவன் வேலைக்கு போயிட்டு ராத்திரி வந்து எல்லாருக்கும் ஒரே வசனப் படத்த ஃபார்வர்ட் பண்ணுவான்.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு தடவ ராத்திரி 11:40க்கு ஒரு பொண்ணு "எனக்காக ஜெபிப்பீங்களா"ன்னு கேட்டுருக்கு, அத நான் மறுநாள் மத்தியானம்தான் பாத்தேன், பதில் போட்டேன், அந்த டிக் நீலமாவே ஆகல. இன்னிக்கு வரைக்கும் அது யாருன்னு தெரியாது, அந்த நம்பர என் போன்லருந்து அழிக்கவும் முடியல. அதுக்கு அப்புறம்தான் நாங்க முறை வச்சோம். விளம்பரம் ஓடற நாள்ல காலைல ஆறுலருந்து ராத்திரி பன்னெண்டு வரை ஆள் மாத்தி ஆள். பொண்ணுங்க மெசேஜுக்கு அக்காங்கதான் பேசணும், இதுல விதிவிலக்கே கிடையாது. ஆள் இல்லாத நேரத்துல விளம்பரமும் ஓடாது, நிறுத்திருவோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல லேபிள் போட்டு யார்கிட்ட பேசியாச்சு, யார் வர்றேன்னு சொன்னாங்கன்னு பிரிச்சு வச்சுக்கோங்க. சாகணும் போல இருக்குன்னு யாராவது எழுதுனா ஜெபத்தோட நிறுத்தாம உடனே போன்ல பேசுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 நம்பர குடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம்.

வர்றேன்னு சொன்னவங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன், ஞாயித்துக்கிழமை கேட்ல அவங்க பேர் தெரிஞ்ச ஒரு ஆள். இத பண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எங்களுக்கு மெசேஜ் கூடல, வர்றவங்க கூடுனாங்க.

தூத்துக்குடி, சண்டே ஸ்கூல் டீச்சர்: வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) விளம்பரத்துல போன வருஷ பிள்ளைங்க போட்டோ போடலாமா?

அப்பா அம்மாகிட்ட எழுத்துல வாங்காம போடாதீங்க டீச்சர். 2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாருமே பிள்ளைங்கதான், அவங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும். முகம் தெரியாம, பிள்ளைங்க செஞ்ச கைவேலை, வண்ணக் காகிதம், பாட்டுக்கு தூக்குன கைங்க, இத வச்சே அழகா பண்ணலாம். விளம்பரமும் பிள்ளைங்களுக்கு இல்ல, 28லருந்து 45 வயசு வரைக்கும் உள்ள பெத்தவங்களுக்கு போகட்டும், கூட்டிட்டு வர்றது அவங்கதான்.

டொராண்டோ, ஒரு அண்ணன்: எங்க ஊர் சபை கட்டட நிதிக்கு ஃபேஸ்புக்ல விளம்பரம் போட்டுருந்தாங்க, இங்கருந்தே ஜிபேல அனுப்பலாமா?

அண்ணே, உங்ககிட்ட இப்ப எந்த பாஸ்போர்ட் இருக்கு? இந்திய பாஸ்போர்ட்னா உங்க சொந்த சம்பாத்தியத்த பேங்க் வழியா குடுக்கலாம், அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. கனடா குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா நீங்க அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை, ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்கு குடுக்கறது) இருந்தாலும் அப்படித்தான். சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை சட்டம்) பதிவு இருக்கணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் முதல்ல வரணும். உங்க அன்பு சபைக்கு வழக்கா முடிஞ்சுரக் கூடாது. சபைக்காரங்களுக்கும் சொல்றேன், காசு கேக்கற விளம்பரத்த வெளிநாட்டுக்கு திருப்பாதீங்க, என்ன கேட்டா வெளி ஆளுங்களுக்கு போற எந்த விளம்பரத்துலயும் காசே கேக்காதீங்க.

ஓசூர்: இந்தியா முழுக்க காட்டுனா விலை கம்மியா வருதே?

வரும், ஆனா அவங்க யாரும் ஓசூர் சபைக்கு வர மாட்டாங்க. இன்னொரு விஷயம், ஒடிசால 1967லருந்து, மத்திய பிரதேசத்துல 1968லருந்து, உத்தர பிரதேசத்துல 2021ல, இப்படி பல மாநிலத்துல கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாத்தறத தடுக்கற சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல 2002ல வந்தது 2004ல வாபஸ் ஆகிருச்சு. இலவச அரிசி, படிப்பு உதவின்னு அழைப்போட சேத்து எழுதறத எங்கயுமே செய்யாதீங்க, உதவி பண்றதா இருந்தா விளம்பரம் இல்லாம பண்ணுங்க.

நாகர்கோவில்: மெம்பர் லிஸ்ட்ல இருக்கற போன் நம்பர, அவங்களுக்கு விளம்பரம் காட்ட ஃபேஸ்புக்ல ஏத்தலாமா?

கூடாது. அவங்க நம்பர சபைக்கு நம்பி குடுத்தாங்க, கம்பெனிக்கு குடுக்கல.

சேலம்: ரீல் நல்லா போச்சு, பூஸ்ட் பண்ண முடியல.

சினிமா பாட்டோ ஆல்பம் பாட்டோ பின்னாடி ஓடுதான்னு பாருங்க, அடுத்தவங்க காப்புரிமை வச்சுருக்கற பாட்டுக்கு பூஸ்ட் ஆகாது. உங்க கொயர் பாடுன பாமாலைய போனுல ரெக்கார்ட் பண்ணி போடுங்க, அது இன்னும் நல்லா இருக்கும்.

திண்டுக்கல்: சபை பேஜ் ஒரு பிரதர் ஐடில இருந்துச்சு, அவர் வெளிநாடு போயிட்டார், இப்ப உள்ளயே போக முடியல.

எங்களுக்கும் இது நடந்துருக்கு, நாலு வருஷப் பேஜ் போயிருச்சு. அவர எப்படியாவது பிடிச்சு உங்க ரெண்டு பேர அட்மினா சேக்க சொல்லுங்க. இனிமே மெட்டாவோட பிசினஸ் போர்ட்ஃபோலியோல (ஒரு ஆள் ஐடில இல்லாம சபை பேர்ல பேஜ வைக்கற இடம்) பேஜ வைங்க, மூணு பேர் உள்ள இருக்கட்டும், ஒருத்தர் கமிட்டி ஆளா இருக்கணும், எல்லாருக்கும் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற பூட்டு). "உங்க பேஜ் முடங்கப் போகுது"ன்னு வர்ற லிங்க தொடாதீங்க.

கரூர்: கிறிஸ்துமஸ் ஆட் எப்ப போடணும்?

டிசம்பர் 14 பக்கம் அனுப்பிருங்க, மெட்டா விளம்பரத்த பரிசோதிக்கறது பெரும்பாலும் 24 மணி நேரத்துல முடியும், ரிஜெக்ட் ஆனா திருத்தவும் நேரம் வேணும். 18லருந்து 24 வரை ஓடட்டும். 25ந்தேதி நிறுத்திட்டு, வந்தவங்க நம்பருக்கு நீங்களே கூப்புட்டு 31 ராத்திரி ஆராதனைக்கு வர சொல்லுங்க, அதுக்கு தனி விளம்பரம் வேண்டாம்.