லிக்னின் கலந்தும் மூடி எரிகிறதே, ஏன்?

கேள்வி: சுவிட்ச் பெட்டி மூடிகளை பாலிபுரோப்பிலீனில் வார்க்கிறோம். புரோமின் கலந்த தீத்தடுப்பான் வேண்டாமென்று, மரத்திலிருந்து எடுக்கும் லிக்னின் தூளை 15 சதவீதம் கலந்தோம். மூடியில் கொப்புளம் வருகிறது. தீ வைத்தால் சொட்டிச் சொட்டி எரிகிறது. எங்கே தவறு?

பதில்: லிக்னின் தனியாகத் தீயைத் தடுக்காது. அது கரி தரும் பொருள், அவ்வளவுதான். பாலிபுரோப்பிலீனோ எரிந்தால் கரியே மிஞ்சாது. முழுக்க உருகி, ஆவியாகி, எரிபொருளாகிவிடும். லிக்னினைக் கெட்டியான கரிப்படலமாக்க அமிலம் வேண்டும். சூடேறும்போது அதைத் தருவது அம்மோனியம் பாலிபாஸ்பேட். கூடவே வெளிவரும் அம்மோனியா, கரியை அப்பளம்போல் உப்ப வைக்கும். அந்த உப்பல்தான் வெப்பம் உள்ளே இறங்காமல் காக்கிறது.

1 கிலோவுக்கு இப்படித் தொடங்குங்கள்: பாலிபுரோப்பிலீன் 660 கிராம், இரண்டாம் வகை (தண்ணீரில் குறைவாகக் கரையும்) அம்மோனியம் பாலிபாஸ்பேட் 225, லிக்னின் 75, மெலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரோப்பிலீன் 40. கடைசிப் பொருளை விட்டுவிடாதீர்கள். தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டுவது அதனால்தான். சேர்த்தாலும் மூடி ஓரளவு நொறுங்கும் தன்மை பெறும். கிளிப் பகுதியைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். நிறம் பழுப்புதான் வரும், வெள்ளை மூடி கிடைக்காது.

கொப்புளத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். லிக்னினை 80 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மூடிய டப்பாவில் போடுங்கள். உருக்கிக் கலக்கும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் 180-190 டிகிரி போதும். 200-ஐத் தாண்டினால் லிக்னினே சிதைந்து வாயு விடும். கருகிய வாடை வந்தால் சூட்டைக் குறையுங்கள். வார்க்கும்போது திருகின் வேகத்தையும் பின்னழுத்தத்தையும் தாழ்த்தி வையுங்கள். உரசலாலும் சூடு ஏறும்.

சோதனைக்கு 125 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலத்தில் 5 பட்டைகள் வாருங்கள். கனம் மூடியின் சுவர் அளவே இருக்கட்டும், 3 மி.மீ. பட்டை தேறினால் 1.5 மி.மீ. மூடியும் தேறும் என்று நம்பாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பட்டையை நெட்டுக்குத்தாகப் பிடித்து, 300 மி.மீ. கீழே பஞ்சு வையுங்கள். 20 மி.மீ. நீலச் சுடரை 10 வினாடி காட்டி எடுங்கள். அணைந்ததும் மறுபடி 10 வினாடி. பிளாஸ்டிக் எரியும் விதத்தைத் தரம் பிரிக்கும் யுஎல் 94 முறையில் வி-0 என்ற உயர் தரம் பெற, ஒவ்வொரு முறையும் 10 வினாடிக்குள் அணைய வேண்டும், ஐந்து பட்டைக்கும் சேர்த்து 50 வினாடியைத் தாண்டக் கூடாது, பஞ்சும் பற்றக் கூடாது. பஞ்சு பற்றினால் பாஸ்பேட்டை 20, 30 கிராமாகக் கூட்டி, அந்த அளவு பாலிபுரோப்பிலீனைக் குறையுங்கள். விற்பனைக்கு ஆய்வகச் சான்று தனியே தேவை.

இன்னொரு பட்டையை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்திக் கொளுத்திப் பாருங்கள். மேலே வெள்ளை பூத்து, முன்னைவிட நன்றாக எரிந்தால் பாஸ்பேட் கரைந்து போய்விட்டது. அப்போது மெலமின் பிசின் பூசிய பாஸ்பேட்டுக்கு மாறுங்கள்.