திருகோணமலையில் பட்டப்படிப்பை முடித்தவர் தொழில் உத்தியோகத்தராவது எப்படி?

முகாமைத்துவப் பட்டம் பெற்ற நீங்கள், தொழிலாளர் உறவுத் துறையில் அரச பதவி பெறும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். தொழில் திணைக்களத்தின் தொழில் உத்தியோகத்தர் பதவியே அதற்கு நேரான வாசல். அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் திறந்த போட்டிப் பரீட்சைச் சித்தியும் வேண்டும். வயதெல்லை வர்த்தமானி அறிவித்தலில் குறிக்கப்படும் திகதிப்படியே கணிக்கப்படுவதால், வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள்.

பட்டத்தைவிடச் சட்ட அறிவே இப்பணியில் கைகொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஊழியரின் சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்தவேண்டிய 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம், ஐந்தாண்டு சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை வழங்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றை இப்போதே படிக்கத் தொடங்குங்கள்.

இங்குள்ள கடையொன்றில் ஏழு ஆண்டுகள் வேலை செய்த ஓர் அக்கா, சம்பளச் சீட்டே தரப்படாததால், மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் வேலைக்குப் போன நாட்களையெல்லாம் பென்சிலால் குறித்துவைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். அத்தகைய கொப்பியைப் பொறுமையாகப் புரட்டி, நிலுவையைக் கணக்கிட்டு, முதலாளியை விசாரணைக்கு அழைப்பதுதான் அந்த உத்தியோகத்தரின் அன்றாட வேலை. மூவினத்தவரும் வாழும் நம் மாவட்டத்தில் முறைப்பாட்டைச் சிங்களத்திலும் கேட்டு எழுத வேண்டிவரும். ஆகவே, பரீட்சைக்குக் காத்திருக்கும் மாதங்களில் அம்மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள்.