மன்ச்லிஸ்ட்டை ஓட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய 486 கணினி ஒன்றை விடாமல் வைத்திருக்கிறேன். அதில் லினக்ஸும் ஐஸ்பெல் எழுத்துப்பிழை திருத்தியும் ஓடுகின்றன. நூற்பாலை இயந்திரங்களுக்கு ஆங்கிலக் கையேடு எழுதுவது என் தொழில். பல வருடமாகச் சேர்த்த 9,000 சொற்கள் ஒரு கோப்பில், வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஐஸ்பெல்லுக்குக் கொடுக்கும் முன் அதை மன்ச்லிஸ்ட் என்ற, சொற்பட்டியலைச் சுருக்கும் நிரலில் ஓட்ட வேண்டும் என்கிறார் நண்பர். ஓட்டாவிட்டால் என்ன ஆகும்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சொற்பட்டியலை ஹேஷ் கோப்பு என்ற அகராதியாக்கித் தரும் பில்ட்ஹேஷ் நிரல், 9,000 சொற்களையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஓட்டுவேன். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் ஆலைச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுவதைக் குறிக்கும் 'டாஃப்'. டாஃப், டாஃப்ட், டாஃபிங், டாஃப்ஸ், டாஃபர், டாஃபர்ஸ் என்று ஆறு வரிகள் உங்கள் கோப்பில் இருக்கும். மன்ச்லிஸ்ட் இவற்றைச் சுருட்டி ஒரே வரியாக்கிவிடும்: டாஃப், ஒரு சாய்கோடு, அதன்பின் டி, ஜி, ஆர், எஸ், இசட் என்று ஐந்து எழுத்துகள். இவற்றைக் கொடிகள் என்போம். டி என்றால் இறந்தகால விகுதி, ஜி என்றால் 'இங்', ஆர் என்றால் 'அர்', எஸ் என்றால் 'ஸ்', இசட் என்றால் 'அர்'ரின் பன்மை. எந்தக் கொடி எந்த விகுதி என்பதெல்லாம் ஆங்கிலத்துக்கான ஒட்டுக் கோப்பில் எழுதியிருக்கிறது.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று இன்றைக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு நினைவகம் தங்கம். பெல் லேப்ஸில் டக் மக்கில்ராய் யூனிக்ஸின் ஸ்பெல் நிரலைச் சீரமைத்தபோது, சுமார் 30,000 சொற்களை 64 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்பெல் பொது விதிப்படி விகுதிகளை வெட்டிப் பார்க்கும். அதில் ஒரு வம்பு உண்டு. 'தெயர்' என்ற சொல்லில் 'ஈ'யையும் 'ஐ'யையும் இடம் மாற்றி அடித்துவிட்டால், 'உன்' என்று பொருள்படும் 'தை' என்ற பழைய சொல்லோடு 'அர்' சேர்ந்தது போலும் என்று எண்ணி விட்டுவிடும். அப்படிப்பட்டவற்றைப் பிடிக்கவே தனியாக ஒரு தடைப்பட்டியல் வைத்தார்கள்.

ஐஸ்பெல் வேறு வழியில் போனது. 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் பிடிபி-10 கணினிக்கு எழுதிய நிரல்தான் அதன் மூதாதை. 1983-இல் பேஸ் வில்லிசன் சி மொழியில் எழுதினார். ஜெஃப் குவென்னிங் பிற மொழிகளுக்கும் விரித்தார். இங்கே ஒவ்வொரு சொல்லும் தனக்கு அனுமதித்த கொடிகளை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும். 'தை'க்கு 'அர்' கொடி இல்லை என்றால் இல்லைதான். ஆனால் சொல் சொல்லாக உட்கார்ந்து யார் கொடி கட்டுவது? அந்தக் கூலிவேலையைத்தான் மன்ச்லிஸ்ட் செய்கிறது. வேராக இருக்கக்கூடியதையும் கொடிகளையும் முதலில் ஊகிக்கும். ஊகத்தை விரித்துப் பார்க்கும். உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சொல் முளைத்தால் அந்தக் கொடியைக் கழற்றிவிடும். நீங்கள் கொடுத்ததற்கு மேல் ஒரு சொல்கூடச் சேராது.

இப்போது என் காரணம். சுருட்டிய பட்டியலைத் திரையில் ஓடவிட்டுக் கண்ணால் படித்துப் பாருங்கள். டாஃப் குடும்பம் ஒரே வரியில் இருக்க, பக்கத்தில் கொடியே இல்லாமல் ஒரு சொல் ஒற்றையாக நிற்கிறதா? பெரும்பாலும் அது தட்டச்சில் தவறியது. எழுத்து மாறியதால் குடும்பத்தோடு ஒட்ட முடியாமல் வெளியே நிற்கிறது. 9,000 வரிகளில் கண்ணுக்குத் தப்பியது இங்கே சட்டென்று மாட்டும்.

ஆனால் கொடி கட்டியதெல்லாம் யோக்கியம் என்று நம்பிவிடாதீர்கள். 1996-இல் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு ஒன்றைத் திருத்தும்போது, 'செபரேட்' என்ற சொல்லில் 'பி'க்குப் பின் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' இருந்தது. ஐஸ்பெல் சரியாகவே நிறுத்திக் கேட்டது. மாற்றுவதற்கான 'ஆர்' விசைக்குப் பதில் அகராதியில் சேர்க்கும் 'ஐ' விசையைத் தட்டினேன். இரவு பதினோரு மணி, தூக்கக் கலக்கம். அடுத்த அத்தியாயங்களில் 'செபரேட்டட்', 'செபரேட்டிங்' இரண்டும் அதே பிழையோடு வந்து நின்றபோது, முதலாவதைச் சேர்த்த தெம்பில் இவற்றையும் சேர்த்தேன். மறுவாரம் மன்ச்லிஸ்ட்டை ஓட்டினால், அந்தத் தப்பான சொல் டி, ஜி என்று இரண்டு கொடி பிடித்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆய்வேடோ அதற்குள் பைண்டிங்குக்குப் போய்விட்டது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இது. மன்ச்லிஸ்ட்டை மைனஸ் எஸ் விருப்பத்தோடு, ஆங்கில ஹேஷ் கோப்பின் பெயரையும் கொடுத்து ஓட்டுங்கள். முதன்மை அகராதியில் ஏற்கெனவே உள்ளதையெல்லாம் அது கழித்துவிடும். மிஞ்சுவது உங்கள் ஆலைச் சொற்கள் மட்டும்; ஒரு மாலை நேரத்தில் படித்து முடித்துவிடலாம். திருத்திய பிறகு அதையே உங்கள் சொந்த அகராதியாக வையுங்கள். சொந்த அகராதியும் கொடிகளை ஏற்கும்; பில்ட்ஹேஷ் பக்கமே போக வேண்டாம். தற்காலிகக் கோப்புகள் நிறைய எழுதும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 486-இல் ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். மூலப் பட்டியலை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஐயா.

கேள்வி: சுருட்டியதைத் திரும்ப விரிக்க முடியுமா?
– அதே வாசகர், கடிதத்தின் பின்பக்கத்தில்

பதில்: முடியும். ஐஸ்பெல்லை மைனஸ் ஈ விருப்பத்தோடு ஓட்டி, சுருட்டிய கோப்பை ஊட்டுங்கள். ஒரே வரியில் பல சொற்கள் வந்தால் இடைவெளிகளை வரிமுறிவாக்கி, அகர வரிசைப்படுத்துங்கள். மைனஸ் எஸ் கழித்தல் இல்லாமல் சுருட்டியிருந்தால் மூலத்தோடு ஒப்பிடலாம்.

கேள்வி: தமிழ்ச் சொற்பட்டியலை இப்படிச் சுருட்டலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஐஸ்பெல்லில் படாதபாடு பட வேண்டும். ஒரு வேருக்கு ஒரு நேரத்தில் ஒரு விகுதி என்பது அதன் கணக்கு. நமக்கு 'வீடுகளிலிருந்தும்' என்ற ஒரே சொல்லில் கள், இல், இருந்து, உம் என்று நாலு அடுக்கு. ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நேமெத் உருவாக்கிய ஹன்ஸ்பெல் யூனிகோடையும் விகுதிமேல் விகுதியையும் ஏற்கும்; சுருட்ட மன்ச், விரிக்க அன்மன்ச் என்ற கருவிகளும் கூடவே வரும். ஆனால் அதிலும் இரண்டடுக்குதான். அதற்குமேல் வேண்டுமென்றால் 'களில்', 'களிலிருந்து' என்று நீங்களே சேர்த்து, ஒட்டுக் கோப்பில் எழுத வேண்டும்.

இதில் ஒற்று வேறு. 'வீட்டை' ஒரு சொல் என்று நினைத்தால், அடுத்த சொல்லைப் பொறுத்து வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் என்று மேலும் நாலு வந்து நிற்கும். ஒருமுறை 'வீடு' ஒன்றுக்கு மட்டும் கொடிகளை எழுதிப் பார்த்தேன். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது. வினைச்சொல் பக்கம் போகவில்லை.